குடிக்காதவன் கட்டிய கயிறு

பிராந்தியோ சாராயமோ நான் ஒரு சொட்டு நாக்கில் வைத்தவன் இல்லை. அப்படிப்பட்ட நான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கருப்பசாமி முன்னால் நின்று, இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டேன். பதினோரு பெண்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். இன்றைக்கும் அந்தக் கோயிலைத் தாண்டும்போது நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறேன்.

போடியில் ஜீப்பு ஓட்டுகிறேன். விடியும் முன்னே ஸ்டாண்டில் நிற்கும் பெண்களை ஏற்றி, மலை ஏறி, அந்தப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்க இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் போய்க் கூட்டி வர வேண்டும். வண்டிப் புத்தகத்தில் எத்தனை பேர் என்று போட்டிருக்கிறதோ, அதைப் பேச வேண்டாம். ஏறுவது பதினாலு பேர். இருபத்திரண்டு வருடமாக இதுதான் சோலி. ஏழாம் வகுப்பில் பாதியில் நின்றவனுக்கு இதுவே பெரிய வேலை.

நான் பயந்தவன். வண்டியை எடுக்கும் முன் மூன்று தடவை பிரேக்கை மிதிப்பேன். நாலாவது தடவை மிதித்தால்தான் மூன்றாவது தடவை மிதித்தது நிஜம் என்று தோன்றும். டயர், மழை, பனி, மேலிருந்து உருளும் கல், எதிரே வரும் லோடு லாரி, எல்லாவற்றுக்கும் முதல் நாளே பயந்து வைத்துவிடுவேன். "நீங்க பயந்து முடிச்ச பெறகுதான் எங்களுக்கு வெயிலே வருது" என்பாள் என் பொண்டாட்டி.

ஏழெட்டு வருடம் மாத்திரையில் ஓடியது சர்க்கரை வியாதி. அப்புறம் மாத்திரை கேட்கவில்லை. இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்சம்மா வயிற்றில் எங்கே குத்துவது என்று காட்டினார். "ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்பிட்டுறணும்ணே. சாப்பிடாம இருந்தா சர்க்கரை மடமடன்னு எறங்கிரும். வேர்க்கும், கை நடுங்கும், பசி பிடுங்கும், அப்பறம் புத்தி தடுமாறும். அப்படி வந்தா வேற எதையும் யோசிக்காதீக, உடனே மூணு ஸ்பூன் சர்க்கரை" என்றார். ஊசிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை நான் பிரிக்கவே இல்லை. பிரித்தால் இன்னும் என்னென்ன வரும் என்று போட்டிருக்குமோ, அதெல்லாம் அன்றைக்கே எனக்கு வந்துவிடும்.

ஊசி போடுவதை ஸ்டாண்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. முன்பு எங்களில் ஒருவருக்கு வலிப்பு வந்தது. வண்டியில்கூட இல்லை, டீக்கடையில். மறுநாள் அவர் ஜீப்பில் ஏற ஒரு ஈ காக்கை இல்லை. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருக்கிறார். ஊசி போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறவன் என்று தெரிந்தால் எனக்கும் அதுதான் கதி என்று நினைத்தேன்.

அதனால் வீட்டில், கிளம்பும் நேரத்தில் போட்டுக்கொள்வேன். சாப்பாடு மேட்டில். மலை உச்சியில் ஒரு டீக்கடை இருக்கிறது. வண்டி நிறைய ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தும் டிரைவருக்கு அங்கே காலைப் பலகாரம் சும்மா. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். கீழே ஒரு டீ, இட்லி மேட்டில். வெறும் வயிற்றோடு ஏறினால் வழியில் வயிறு கலக்காது என்பதும் ஒரு காரணம். பதினாலு பெண்களை உட்கார வைத்துவிட்டு நடுக்காட்டில் ஆம்பளை புதருக்குள் போய்வர முடியுமா?

வீட்டிலிருந்து மேட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். நர்சம்மா சொன்னதோ அரை மணி. ஆனால் எட்டுப் பேர் என்று எழுதியிருக்கும் வண்டியில் பதினாலு பேர் ஏறுகிற ஊர்க்காரன் நான். அரை மணி என்று சொன்னால் ஒரு மணி தாங்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சில நாள் மேட்டில் இறங்கும்போது கை லேசாக நடுங்கும். நாலு இட்லி தின்றதும் நின்றுவிடும். பசி என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரி ஒரு குளுக்கோஸ் பொட்டலம் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதைப் பார்த்து எவனாவது கேட்டுவிட்டால் என்று, ஸ்பேனர் பைக்குள் சுருட்டி, முன்சீட்டுக்கு அடியில் ஜாக்கிக்குப் பின்னால் செருகி வைத்தேன். அந்த சீட்டின் மேல் மூன்று பெண்கள் உட்காருவார்கள்.

ஐப்பசி மழை. அன்றைக்குப் பாதி மலையில் கல் சரிந்து பாதை அடைத்துவிட்டது. எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டி. ஜேசிபி வரும் என்றார்கள். நான் மணியைப் பார்த்தேன். ஊசி போட்டு முக்கால் மணி ஆகியிருந்தது.

என் பக்கத்தில் கங்காணியம்மா உட்கார்ந்திருந்தார். ஆட்களைச் சேர்த்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவது அவர்தான். ஐம்பது வயதிருக்கும், குரலே ஒரு ஹாரன். பின்னால் பெண்கள் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி போயிருக்கும். என் சட்டை முதுகோடு ஒட்டியது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"என்னாண்ணே, எங்களுக்குக் குளிர்ல பல்லு தந்தியடிக்கிது, உங்களுக்கு மட்டும் வேர்க்குது?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"வீட்ல என்னமோ சண்டடி. இன்னும் சூடு எறங்கல" என்றாள் இன்னொருத்தி. வண்டியே சிரித்தது.

எனக்கு இது என்ன என்று தெரிந்துவிட்டது. இதை உங்களிடம் நான் மறைக்கக் கூடாது. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. 'கொஞ்சம் எறங்குங்கக்கா, சீட்டுக்கு அடியில ஒரு சாமான் எடுக்கணும்' என்று ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் மூன்று பேரும் இறங்குவார்கள், நான் குனிந்து எடுப்பேன், அத்தனை பேரும் பார்ப்பார்கள், என்ன அது என்பார்கள். இதோ பாதை விட்டுவிடுவார்கள், இன்னும் பத்து நிமிடத்தில் மேடு என்று உட்கார்ந்திருந்தேன். வண்டி முழுக்க ஏலக்காய் வாசம். இனிப்பாக ஒன்றும் கைக்கு எட்டவில்லை.

பாதை திறந்தது. வண்டியை எடுத்தேன்.

அதற்கப்புறம் நடந்ததில் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். ஒரு வளைவு தெரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனால் அதை வேறு யாரோ செய்வார்கள் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியின் மூக்கு தடுப்புச் சுவரில் இடித்து எஞ்சின் நின்று, ஜீப்பு பின்னோக்கி நழுவ ஆரம்பித்தது. கங்காணியம்மா என் மடிக்குக் குறுக்கே பாய்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இதெல்லாம் பிறகு அவர்கள் சொல்லி நான் அறிந்தது. இழுத்தவரை நான் திட்டினேனாம். என்ன சொல்லித் திட்டினேன் என்பதையும் ஒருத்தி சொன்னாள். என் வாயில் அப்படி ஒரு வார்த்தை இருந்தது எனக்கே தெரியாது. அதை இங்கே எழுத மாட்டேன்.

"குடிச்சிருக்கான்டி" என்ற சத்தம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கங்காணியம்மா தன் பிளாஸ்கைத் திறந்து கட்டஞ்சாயாவை என் வாயில் வைத்தார். பால் இல்லாத டீ. தோட்டத்து வழக்கப்படி சர்க்கரை அள்ளிப் போட்டது. "குடி. குடிச்சுத் தொலை. போதை எறங்கட்டும்" என்று அதட்டி இரண்டு டம்ளர் ஊற்றினார். போதைக்கு மருந்து என்று அவர் கொடுத்தது, அவருக்குத் தெரியாமலே என் உயிருக்கு மருந்தாகிவிட்டது. கால் மணி நேரத்தில் மலை, மழை, அவர் முகம் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தன.

"எம்புட்டுக் குடிச்சே?" என்றார். அதுவரை என்னை 'நீங்க' என்றுதான் சொல்லுவார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு யோசனை மின்னல் மாதிரி ஓடியது. குடிகாரன் என்றால் ஒரு வாரம் ஏசுவார்கள், பிறகு ஏறிக்கொள்வார்கள். ஊசிக்காரன் என்றால் எப்போதைக்கும் ஏற மாட்டார்கள்.

"ராத்திரி ஒரு விசேஷத்துலக்கா... கொஞ்சம்" என்றேன்.

பதினாலு பேரும் இறங்கினார்கள். பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டு, தூக்குச்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மீதி வளைவுகளை நடந்தே ஏறினார்கள். என்னை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அந்தச் சுவரோரம் உட்கார்ந்து, காலியான சீட்டைத் தூக்கி, குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்தேன். இப்போது எடுப்பதற்கு ஒரு சிரமமும் இல்லை.

ஸ்டாண்டில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. "மாப்ளே, இத்தன வருசமா எங்களுக்கு ஒரு வாய் ஊத்தாம தனியாவா அடிச்சே? கல்லுளிமங்கன்டா நீ" என்று மற்ற டிரைவர்கள் தோளில் தட்டினார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததுதான் இப்போது உறுத்துகிறது.

வீட்டில் அப்படி நடக்கவில்லை. ரேசன் கடைக்குப் போய் வந்தவள் பையைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள்.

"குடிகாரன் பொண்டாட்டிக்கு மொதல்ல போடுங்க, அவ வீட்ல சோலி கெடக்கும்னு ஒருத்தி சொல்றா. நான் என்ன சொல்லட்டும்?"

நான் குனிந்து அந்தப் பையை எடுக்கப் போனேன்.

"எம்புருசன் குடிக்கலடி, ஊசியப் போட்டுட்டு சோறு திங்காம பதினாலு பேரப் பள்ளத்துல தள்ளப் பாத்தாருன்னு சொல்லவா?"

"சொல்லீராத" என்றேன். கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவள் சொல்லவில்லை. எனக்காகக் குடிகாரன் பொண்டாட்டியாகவே ரேசன் கடைக்குப் போய் வந்தாள்.

மூன்று பேர் வேறு ஜீப்புக்குப் போய்விட்டார்கள். மற்றவர்களும் போய்விடுவார்கள் என்று இருந்தபோது கங்காணியம்மா வீட்டுக்கு வந்தார். "தம்பி, மத்த டிரைவர்மாரு தெனம் குடிக்கிறவனுக. நீங்க ஒரு நாள் குடிச்சதுக்கே தாங்காத ஆளு. உங்கள விட எங்களுக்கு மனசில்ல. கருப்பன் கோயில்ல கயிறு கட்டீருங்க. கட்டுனா நாங்க ஏறுறோம்."

எங்கள் பக்கம் குடியை விடுகிறவன் சாமி முன்னால் கயிறு கட்டிக்கொள்வது வழக்கம். கட்டியவன் குடித்தால் சாமி கேட்கும். வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து என்னையே பார்த்தாள். "சரிக்கா" என்றேன்.

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டார் பூசாரி. "ஆறு மாசம், ஒரு வருசம்னு கட்டுவாக. யோசிச்சுச் சொல்லு. பாதியில அவுக்கக் கூடாது."

"ஆயுசுக்கும்" என்றேன். பெண்கள் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அந்த இரண்டு பேர் கண்ணைத் துடைத்தது அப்போதுதான். உலகத்திலேயே எனக்குச் சுலபமான சத்தியத்தைப் பெரிய தியாகம்போலச் செய்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் வீட்டிலேயே இரண்டு இட்லியைத் தின்றுவிட்டுக் கிளம்பினேன். குளுக்கோஸ் சட்டைப்பைக்கு வந்தது. எல்லாம் ரகசியமாக. இனித் தப்பு நடக்காது, பொய்யும் யாருக்கும் கெடுதல் இல்லாமல் கரைந்துவிடும் என்று நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்காணியம்மா தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்குகிறவர். பெரிய உடம்பு, ஆனால் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"இவருக்குச் சொல்லுங்க தம்பி, எப்படி நிறுத்துனீகன்னு. நான் சொன்னா ஏறாது. நீங்க ஒரே நாள்ல விட்டீகல்ல."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நேத்துல இருந்து நானும் தொடல மாப்ளே. நீங்க விட்டதப் பாத்து ஒரு வீம்பு. ஆனா முடியல. வேர்த்து ஊத்துது. இந்தா கையப் பாருங்க. உங்களுக்கும் இப்படித்தான் நடுங்குச்சா? எத்தன நாள்ல நின்னுச்சு?"

கையை நீட்டினார். அந்த நடுக்கத்தை நான் அறிவேன். சுவரோரம் என் கையும் அப்படித்தான் ஆடியது. ஆனால் அவருடையதுக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போதாது. என்னை நம்பி ஒரு மனுஷன் நேற்றிலிருந்து சித்திரவதைப்படுகிறார். நாலு நாள், அஞ்சு நாள் என்று வாய்க்கு வந்த ஒரு பதிலை நான் சொன்னால், அதையும் நம்பிக்கொண்டு போவார்.

"நான் குடிக்கலண்ணே" என்றேன். "எப்பவுமே குடிச்சதில்ல."

ஊசியைச் சொன்னேன். இட்லியை, சீட்டுக்கு அடியிலிருந்த பொட்டலத்தை, கயிற்றை, எல்லாவற்றையும் சொன்னேன். அவரை உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். திடுதிப்பென்று விட்டால் இப்படித்தான் ஆகும், டாக்டர் பார்க்கட்டும் என்றேன். ஒழுங்காகச் சொன்னது அது ஒன்றுதான்.

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. "அட கிறுக்குப் பயலே! நான் குடிச்சுக் குடிச்சு வாங்குன பேர, நீ குடிக்காமயே வாங்கிட்டியே."

கங்காணியம்மா சிரிக்கவில்லை. "குடிச்சிருந்தாக்கூடத் தேவலை தம்பி" என்றார். "அத நாங்க மோந்து பாத்தே கண்டுபிடிச்சு எறங்கியிருப்போம். இத எந்த மூக்க வச்சு மோந்து பாக்குறது? நீங்க சொன்னாத்தானே உண்டு?"

எழுந்து போகும்போது வாசலில் நின்றார். "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லணும். நாளைக்குக் காலையில, ஸ்டாண்டுல, எல்லாரும் இருக்கும்போது."

சொன்னேன். வண்டி ஓட்டத் தெரிந்த எனக்கு அன்றைக்கு நிற்கத் தெரியவில்லை. ஜீப்பு பானெட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "எங்கய்யாவுக்கும் ஊசிதாண்ணே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே கடலமுட்டாய் கொண்டாந்திருப்போமே" என்றாள் ஒருத்தி. கோயிலில் கண்ணைத் துடைத்தவர்களில் ஒருத்தி, "சாமிகிட்டயுமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. வண்டியில் ஏறுவாள், இறங்குவாள், பேச மாட்டாள்.

அந்த வாரம் நான் ஓட்டவில்லை. டாக்டரிடம் போனேன். அவர் திட்டிய திட்டில் பாதி எனக்குப் பிடித்திருந்தது. ஊசியின் அளவையும் நேரத்தையும் மாற்றினார். ஸ்டியரிங்கைத் தொடும் முன் விரலில் குத்தி மெஷினில் சர்க்கரை பார்க்க வேண்டும். தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் வண்டி எடுக்கக் கூடாது. இறங்கியிருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ, கால் மணி பொறுத்து மறுபடி குத்தல், சரியான பிறகு சாப்பாடு, அதற்கும் மேல் முக்கால் மணி நேரம் ஓட்டக் கூடாது. "அரை மணின்னா அரை மணிதான்யா, உங்க ஜீப்பு கணக்கு இங்க கெடையாது" என்றார்.

இதில் கங்காணியம்மா தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். இட்லி தின்பதும் விரலில் குத்துவதும் அவர்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து தினமும் ஸ்டாண்டில் பதினோரு பெண்கள் வேடிக்கை பார்க்க, நான் டிபன் பாக்ஸைத் திறந்து தின்கிறேன். மற்ற ஜீப்புக்காரர்கள், "என்னப்பா, மாப்ளைக்கு ஊட்டி விடலயா?" என்பார்கள். தலையை நிமிர்த்தித் தின்ன எனக்கு இன்னும் வரவில்லை. பிறகு விரலில் குத்தி, "நூத்தி நாப்பது" என்றோ "நூத்தி இருவது" என்றோ சொல்லுவேன். "ஏறுங்கடி" என்பார் கங்காணியம்மா.

மார்கழியில் ஒரு நாள். பிந்தி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று தோட்டத்தில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அதனால் எல்லோரும் முன்கூட்டியே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். உடம்பில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இட்லியை இரண்டு வாய் தின்றுவிட்டு, முடிக்கும் முன்னே அவசரத்தில் விரலில் குத்தினேன். எழுபத்து நாலு.

மெஷின் என் உள்ளங்கையில் இருந்தது. வேறு யாருக்கும் தெரியாது.

"எம்புட்டுண்ணே? வெரசா சொல்லுங்க" என்றாள் ஒருத்தி.

நூத்தி நாலு என்று நாக்கின் நுனியில் வந்து நின்றது. இல்லை என்று சொல்ல மாட்டேன். வேர்வை இல்லை, நடுக்கம் இல்லை, வாயில் இட்லி இருக்கிறது, மேட்டுக்குப் போகும்முன் ஏறிவிடும். இரண்டு மூச்சு இழுத்து விடும் நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எழுபத்து நாலு" என்றேன்.

"இன்னைக்குத்தானா" என்று ஒரு குரல். ஒருத்தி உச்சுக் கொட்டினாள். கங்காணியம்மா இறங்கி, செல்லில் வேறொரு டிரைவரைக் கூப்பிட்டார். பதினோரு பேரும் தூக்குச்சட்டியோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். நான் குளுக்கோஸைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டு நின்றேன். மீசையெல்லாம் மாவு. துடைக்கவும் கூச்சமாக இருந்தது.

அந்த ஜீப்பு வந்தது. இடம் பத்தாமல் இடித்துக்கொண்டு ஏறினார்கள். என்னோடு பேசாதவள் கடைசியாக ஏறினாள். ஏறும்போது நின்று, என் மீசையைப் பார்த்தாள்; பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கங்காணியம்மா வெளியே தலையை நீட்டினார்.

"தம்பி, கூட்டியார நீங்கதான் வரணும். இவன் வளைவுல பறப்பான், எனக்கு ஆகாது. சாயங்காலத்துக்குள்ள நம்பரு ஏறிருமில்ல?"

"ஏறிரும்க்கா."

"ஏறுனா வாங்க. ஏறலைன்னா ஏறலைன்னு சொல்லுங்க."

வண்டி கிளம்பிப் போனது. நான் டிபன் பாக்ஸை மறுபடி திறந்தேன்.